நாலு மீட்டர் கௌரவம்

1994 சித்திரையில், அடி அண்ணாமலைக் கிணற்றடியில் இருந்தவர்கள் ஆறே பேர்: கிணற்றுக்குச் சொந்தக்காரர் தசரதன், அவர் மனைவி சரோஜா, மகள் அன்புச்செல்வி, அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வேங்கிக்காலிலிருந்து வந்திருந்த இராமலிங்கம், மாதாமாதம் கிணற்று மட்டம் அளக்கும் சர்க்கார் ஊழியர் முபின், சற்றுப் பிந்தி வந்த டிராக்டர் கண்ணாயிரம். தானும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

தண்ணீர் தொட்ட தடம் தெரிவதற்காகச் சாக்பீஸ் தடவிய டேப்பைக் கிணற்றில் இறக்கி ஏற்றிய முபின், "நாலு" என்றார்.

"நாலுதானா? எங்களுது பதினொண்ணு" என்று இராமலிங்கம் மீசையைத் தடவினார்.

தசரதனுக்குச் சுருக்கென்றது. மகளுக்கு எழுதிவைப்பதாகச் சொன்ன இரண்டு ஏக்கரும் இந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தது. நாலு என்றால் நல்லதா, கெட்டதா என்று முபினைக் கேட்டிருக்கலாம். பாட்டன் வெட்டிய கிணற்றைப் பற்றி அடுத்தவரிடம் கேட்பதா?

சம்பந்தியைப் பக்கத்திலிருந்த வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டு, சாலையில் போன கண்ணாயிரத்தின் டேங்கரை மறித்துக் கிணற்றில் கொட்டச் சொன்னார்.

"இவ்ளோ தண்ணி இருக்கறப்ப எதுக்குங்க டேங்கரு?" என்றார் முபின்.

"உங்க வேலையப் பாருங்க தம்பி. அளங்க."

"மூணே முக்கால்."

இன்னொரு டேங்க் வந்தது.

"மூணரை."

"ஊத்த ஊத்தக் குறையுதே!" என்றார் தசரதன்.

"கண்ணுக்கு ஏறுது, காகிதத்துல எறங்குது. பேசாம மோட்டாரப் போட்டு எறச்சிப் பாருங்களேன்" என்றாள் சரோஜா.

"நீ சும்மா இருடி!"

மூன்றாவது டேங்கின் சத்தத்துக்கு இராமலிங்கம் எச்சில் கையோடு வந்து நின்றார்.

"என்னங்க இது? கிணறு வறண்டுபோச்சா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே!" தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கிளம்பப்போகிறார். அன்புச்செல்வி கதவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்தாள். யாருக்கும் குனியாத தசரதனின் தலை கிணற்றைப் பார்த்துக் குனிந்தது.

முபின் புதுப் படிவத்தை நீட்டினார். "வெறும் நம்பர் மட்டும் எழுதினா எந்தப் பக்கம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியலையாம். இந்த வருஷம் ஒரு கட்டம் ஜாஸ்தி பண்ணியிருக்காங்க, பாருங்க."

கட்டத்தில் எழுதியிருந்தது: தரையிலிருந்து கீழ்நோக்கி.

"கம்மியா இருந்தா தண்ணி மேல இருக்குன்னு அர்த்தங்க. ஜாஸ்தியானா வத்திப்போவுது."

பதினொன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. தசரதன் சம்பந்தியின் முகத்தையும் பார்க்கவில்லை. விருந்தாளியைக் கூசவைப்பது அந்த வீட்டு வழக்கமில்லை. வைகாசியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது.

பத்து வருடத்தில் கிணற்றில் தானாக அளக்கும் கருவி வந்துவிட்டது. முதல் தேதிகளில் முபினின் லூனா வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று தசரதன் இன்னும் வாசலைப் பார்க்கிறார்.

அவர் கிணறு வறண்டதால்தான் அன்று டேங்கர் வந்தது என்று டீக்கடையில் இன்றும் யாராவது சொல்வார்கள். கண்ணாயிரம் டம்ளரைக் கீழே வைப்பார்.

"அவரு கிணறு என்னைக்குய்யா வத்துச்சு? அந்த மூணு டேங்க்கும் இராமலிங்கம் வயலுக்கு நான் எடுத்துக்கினு போன தண்ணி. தண்ணி இல்லாமத்தான் அந்த மனுஷன் பொண்ணு கேக்கவே வந்தாரு."