வெள்ளிச் சிறகன் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. என் சொந்தக்காரர்கள் ஏற்கனவே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் பூனாவில், கட்கி பக்கம் அப்பாவுக்கு வேலையில் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். பள்ளியில் மராத்தி மீடியம், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். இங்கிலீஷை மட்டும் போபோடி ரத்திக்கடையில் (பழைய பேப்பர் கடைதான்) கிடைத்த காமிக்ஸில் கற்றுக்கொண்டேன். அதில் என் தெய்வம் (பாஸ்டர் மன்னிக்க) வெள்ளிச் சிறகன்.

அவருடைய சொந்தப் புத்தகம் ஒன்றுகூட அந்தக் கடைக்கு வந்ததில்லை. மற்ற ஹீரோக்களின் புத்தகங்களில் விருந்தாளியாகத்தான் வருவார். அந்த ஹீரோ வசமாக மாட்டிக்கொண்டு முழிக்கும்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கி, "டோன்ட் ஃபியர்! ஐ ஆம் ஹியர்!" என்பார். வில்லனுக்கு ஒரு குத்து. உடனே "மை ஒர்க் ஈஸ் டன்!" என்று பறந்துவிடுவார். நடுவில் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லி, எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டதாகவே நம்பியிருந்தேன்.

அப்பா ரிடையராகும் நேரம் நெருங்கியது. ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை கிடைத்தால்தான் வாடகைக்கு வீடு பார்க்க முடியும். யார் யார் காலையோ பிடித்து, போசரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "பயப்படாதல. கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு, என்ன?" என்று என் தோளைத் தட்டினார். தட்டிய கை நடுங்கியது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மேனேஜர். அவருடைய மீசையே தனியாகச் சம்பளம் வாங்கும் போலிருந்தது. அப்பா, அம்மா, தங்கை மூவரும் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நிற்பது கண்முன் வந்தது. அந்தப் பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டோன்ட் ஃபியர்! ஐ ஆம் ஹியர்!"

மூவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். மேனேஜர் மெதுவாக, "டெல் அஸ் அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்.

வெள்ளிச் சிறகனை யாரும் இதைக் கேட்டதில்லையே! கூரையைப் பார்த்தேன். (ஃபேன்தான் ஓடிக்கொண்டிருந்தது.) கைவசம் மிச்சமிருந்த ஒரே வாக்கியத்தையும் எடுத்து விட்டேன். "மை ஒர்க் ஈஸ் டன்!" என்று சொல்லிக் கதவைத் திறந்து வெளியேறினேன்.

வெளியேறினதாக நினைத்தேன். அது ஸ்டோர் ரூம் கதவு.

ஒரே இருட்டு, கிரீஸ் வாடை. எதிர்ப்பக்கம் இன்னொரு கதவு இருந்தது, அதன் வழியாகப் போய்விட்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது பூட்டிக் கிடந்தது எனக்கல்லவா தெரியும்! திரும்பிப் போய் அந்த மீசையைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. அடுத்தடுத்து வந்தவர்கள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவது கேட்டது. தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன், சாப்பாட்டு ஜெபம் உட்பட.

கடைசியில் மேனேஜரே எதையோ எடுக்கக் கதவைத் திறந்தார். அலறிவிட்டார். பிறகு, "அரே! தூ அஜூன் இத்தேச்?" (நீ இன்னும் இங்கேதானா?) என்றார்.

மராத்தியைக் கேட்டதும் அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன. அப்பா, குவார்ட்டர்ஸ், வாசலில் நடுங்கிய கை எல்லாவற்றையும் மராத்தியிலேயே கொட்டினேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஸ்டோருக்குத்தான் ஆள் எடுக்கிறோம். நீ ஏற்கனவே உள்ளே போய்விட்டாய். திங்கட்கிழமையிலிருந்து லைட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்" என்றார் மராத்தியில்.

மற்றவர்களெல்லாம் வெளியே வந்தும் நான் வராததால், கேட்டில் அப்பா வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் (சர்ச்தான்) அப்பா எழுந்து, கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொன்னார். "போனவனெல்லாம் நல்லா இங்கிலீஷ் பேசிட்டு வெளிய வந்துட்டான். எம் மவன் மட்டும் வெளிய வரல. கர்த்தர் அவனுக்கு வேலையக் குடுத்துட்டாரு!"

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யார் இன்டர்வியூவுக்குக் கிளம்பினாலும், ஜெபம் பண்ணி, தலையில் கை வைத்து, ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள்.

"என்ன ஆனாலும் சரி, வெளிய மட்டும் வந்துராத."