பின் அடித்த பாக்கெட்டுகள்

அன்புள்ள சித்திக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம். அவர் சிரித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்வார். இன்று உங்களுக்கு இரவு வேலை என்று தெரியும். உங்கள் வார்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கட்டும், நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள். இங்கே நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பாவின் போனில் படம் எடுத்து அனுப்புவேன். பார்த்ததும் அழித்துவிடுங்கள். பேசிவிடலாம் என்றால் எங்களுக்கு இருப்பது ஒரே அறை, கிசுகிசுத்தாலும் அப்பா எழுந்துவிடுவார்.

அம்மாவுக்கு இதுவரை சுகாதார நிலையத்தில் குழந்தைகளை எடைபோடும் வேலைதான். இப்போது ஆணுறை கொடுக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே எப்படிப் பயன்படுத்துவது என்ற நோட்டீஸையும் கொடுக்க வேண்டும். ஆலை வாசலில் ஆட்கள் பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நோட்டீஸை அங்கேயே கடாசிவிட்டுப் போகிறார்களாம். அதைப் பெருக்குகிறவர் வந்து சண்டை போட, இரண்டையும் சேர்த்தே கொடு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அம்மா பெட்டியை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது கொடுக்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் ஒட்டுவதற்கு டேப் இல்லை.

“டேப் எதுக்கு? ஆபீஸ் ஸ்டேப்ளர் என் பையிலயே கிடக்கு. ஒரு அடி அடிச்சா எவன் இழுத்தாலும் பிரியாது” என்றார் அப்பா.

அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். “நோட்டீஸைக் கவுத்து வச்சுக்கிட்டு அடி. படிக்காதே. இது பெரியவங்க சமாசாரம்.”

“நீ படிச்சியாம்மா?”

“எனக்கு எதுக்குடி? கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு.”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே அடித்தார். ஆகவே பாதி பின் கோணல். நான் அடித்ததை எடுத்துப் பார்த்து, “பாப்பா வேலையைப் பாரு, அளவெடுத்த மாதிரி பாக்கெட்டுக்கு நட்டநடுவுல” என்றார். சித்தி, நான் இதுவரை வாங்கிய பாராட்டுகளில் இதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட ஆசைப்படுகிறேன்.

ஏனென்றால் படுக்கும்போது ஒரு நோட்டீஸ் என் பாய்க்கடியில் கிடந்தது, நான் படித்துவிட்டேன். தேதி முடிந்ததைப் பயன்படுத்தக் கூடாதாம். பல்லாலோ கத்தரியாலோ பிரிக்கக் கூடாதாம். எண்ணெய் படக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் புதியது வேண்டுமாம். கீழே தடித்த எழுத்தில் இன்னொன்று: பாக்கெட்டில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். நாங்கள் சரியாக அந்த வரியின் மேலேயே பின் அடித்திருக்கிறோம்.

பெட்டி இங்கேதான் இருக்கிறது, அது பரவாயில்லை. ஆனால் மாடி வீட்டுத் தையலக்கா சாயங்காலமே வந்து வாங்கிப் போய்விட்டாள். அவளுக்குப் போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிது. “உடனே இன்னொண்ணு தங்கிட்டா உசுருக்கு உத்தரவாதம் இல்லேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கக்கா” என்று அம்மாவிடம் அழுதாள். அம்மா பின் அடித்ததிலிருந்து ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்து, “இது இருக்கையில உனக்கென்ன பயம், நிம்மதியா இரு” என்றாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர். இப்போதுதான் தெருமுனையில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

நான் அம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் முதல் கேள்வி, “நீ ஏன் படிச்சே?” என்பதுதான். எனக்கு அலுப்பாக இருக்கிறது சித்தி, பயமாகவும் இருக்கிறது. நீங்கள் உடனே அம்மாவுக்குப் போன் செய்து, எதற்கும் பின் அடித்துவிடாதே அக்கா என்று தற்செயலாகச் சொல்வதுபோல் சொல்லுங்கள். இந்த நேரத்தில் தற்செயலாக எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். குட்டித் தம்பிக்கு முத்தம். உங்கள் அன்பு மக

யாரோ கதவைத் தட்டுகி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம் சித்தி. தட்டியது அம்மா. கையில் நோட்டீஸ், முகம் வெளுத்திருந்தது. சமையல் மேடை விளக்கடியில் யாருக்கும் தெரியாமல் நின்று அவளும் படித்திருக்கிறாள்.

“வா, பின்னையெல்லாம் பிடுங்கணும்.”

“பிடுங்கினாலும் ஓட்டை இருக்குமேம்மா. அடிச்சதையெல்லாம் தூக்கித்தான் போடணும்.”

“அப்போ நீ படிச்சிருக்கே.”

“நீயுந்தான்.”

அம்மா, கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் போட ஒரு பையை எடுத்தாள். பெட்டியில் பின் அடிக்காமல் மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள், நானும் பின்னாலேயே போனேன். லாரி அண்ணன் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கொடுத்ததை அம்மா திருப்பிக் கேட்டதும், “இதுல என்னக்கா கோளாறு?” என்றாள் தையலக்கா. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், நோட்டீஸை என்னிடம் நீட்டினாள். “நீயே படி. சத்தமாப் படி.”

படித்தேன். பணப்பையில் வைத்தால் உரசிக் கிழிந்துவிடும் என்ற வரி வந்ததும் லாரி அண்ணன் மெல்லத் தன் பணப்பையைத் திறந்து, ஓரம் தேய்ந்துபோன ஒரு பாக்கெட்டை எடுத்து, அம்மா நீட்டிய பையில் போட்டார். தையலக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நிறுத்தாதே பாப்பா, மேல படி” என்றாள். “இந்த மனுஷன் இன்னும் என்னென்ன பண்ணி வச்சிருக்காருன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.”