நாலெல்லைச் சக்கரவர்த்தி

"சார், உங்க சக்கரவர்த்தி கிரகத்தைப் பிடிக்கிறானா, இல்ல விலைக்கு வாங்குறானா?"

போனில் கேட்டது நாகர்கோவில் பதிப்பகத்தின் எடிட்டர் ஆதித்யன். இந்தப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய பாறசாலையில், போனை வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாற்றிக்கொண்டவர் அனில்குமார்.

"பிடிக்கத்தான் செய்யான். லேசர் பீரங்கி எல்லாம் உண்டே."

"பீரங்கி வெடிச்ச பிறகு என்ன எழுதியிருக்கீங்க? 'மேற்படி கிரகத்துக்குக் கிழக்கெல்லை விண்கல் பாதை, மேற்கெல்லை காலியிடம், வடக்கெல்லை நெபுலா, தெற்கெல்லை ஏற்கெனவே பிடித்த கிரகம். வாரிசுகள் எல்லாரும் சம்மதம்.' பத்தொன்பது வயசுக் கொடுங்கோலன் சார் அவன்! வாரிசுகிட்ட எதுக்குச் சம்மதம் கேட்கிறான்?"

"பிறகு கேஸ் வரப்பிடாதில்லியா?" என்றார் அனில்குமார்.

பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஒற்றை அறையில் ஆதாரம் எழுதுபவர். பத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஆதாரம் என்றுதான் பெயர். நாலெல்லையும் இரண்டு சாட்சியும் இல்லாமல் அவர் பேனாவால் ஒரு தென்னங்கன்றைக்கூட கைமாற்ற முடியாது. அப்படிப்பட்டவர் நாலு வருஷம் உட்கார்ந்து விண்வெளிப் போர் நாவல் எழுதிவிட்டார். இளம் சக்கரவர்த்தி வஜ்ரசேனன் பால்வீதி முழுவதையும் நடுநடுங்க வைக்கிறான் என்பது கதை. நடுங்கத்தான் யாரும் தயாராக இல்லை.

"அவனுக்கு ஈவிரக்கமே இருக்கக் கூடாது. மாத்திக் கொடுத்தா இந்தப் புத்தகச் சந்தைக்கே போட்டுடலாம்" என்றான் ஆதித்யன். அனில்குமார் அவனை நேரில் பார்த்ததில்லை. வயது குறைவுதான், குரல் தேனாக இருந்தது.

புத்தகம் வருகிறது என்று மனைவி ஸ்ரீகலா ஏற்கெனவே ஒரு கல்யாண வீடு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். இனி வராமல் போனால் அனில்குமார் எந்தக் கல்யாணத்துக்கும் தலைகாட்ட முடியாது. அதைவிட, அட்டையில் தன் பெயரைப் பார்க்காமல் செத்துப்போவோமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

ஈவிரக்கம் இல்லாதவனை எழுத வேண்டுமானால், முதலில் கொஞ்சம் பழகிப் பார்க்க வேண்டும். அன்று மதியம் சாம்பாரை வாயில் வைத்ததும் தட்டைத் தள்ளினார்.

"உப்பில்லை! இதைச் சமைத்தவனின் தலையைக் கொய்யுங்கள்!"

"இண்ணைக்குச் சமைச்சது நீங்களாக்கும்" என்றாள் ஸ்ரீகலா. "இந்தக் கூத்தெல்லாம் வீட்டில வேண்டாம். ஆபீசில ஒரோருத்தன் சொத்தைப் பாகம் வைக்க வந்து அடிபிடி கூடுதானே, அவனுவகிட்டப் பழகுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாளே ராஜையாவும் தம்பியும் வந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பிலாவு, அதாவது பலாமரம், நின்றது.

"எனக்க அப்பன் நட்ட பிலாவு சாரே!" என்றார் ராஜையா.

"நட்டது அப்பன். வெள்ளம் கோரினது நானாக்கும்!" என்றான் தம்பி.

இத்தனை நாளும் அனில்குமார் இந்த இடத்தில் இருவருக்கும் சாயா வாங்கிக் கொடுப்பது வழக்கம். இன்று மேசையை ஓங்கித் தட்டினார்.

"போதும்! பிலாவு வெட்டப்படும். தடி இருவருக்கும் இல்லை. கிணறு இளையவனுக்கு, வழி மூத்தவனுக்கு. இனி வாய் திறப்பவன் நாடு கடத்தப்படுவான்!"

அங்கிருந்து நாடு கடத்துவதென்றால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு ஆட்டோ பிடித்தாலே போதும். ஆனாலும் அண்ணனும் தம்பியும் வெலவெலத்துப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

"மனுசனில்ல கேட்டியளா, எமனாக்கும்!" என்று சாயாக்கடையில் ராஜையா பெருமையோடு சொன்னார்.

அதோடு பிடித்தது வினை. காரக்கோணத்திலிருந்தும் பாலராமபுரத்திலிருந்தும் அண்ணன் தம்பிகள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். விட்டுக்கொடுத்தான் என்று பெயர் வாங்க யாருக்கும் மனசில்லை. எமன் பிடுங்கிக் கொடுத்தான் என்றால் இருவருக்குமே கௌரவம். ஒரு ஆள், "சாரே, இன்னும் இம்பிடு சத்தமாட்டு ஏசுங்க, எனக்க பெண்டாட்டி வெளியே நிக்கியா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பகலெல்லாம் இப்படி உறுமிவிட்டு வீட்டுக்கு வந்தால் அனில்குமாரிடம் மிச்சம் இருந்தது வெறும் இரக்கம்தான். அது அப்படியே வஜ்ரசேனனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் கலகக்காரர்களை மன்னித்தான். பிடித்த கிரகத்தை வில்லங்கம் நீக்கித் திருப்பிக் கொடுத்தான்.

"சார், எதிரித் தளபதிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறான் சார் இவன்!" ஆதித்யனின் குரலில் தேன் வற்றியிருந்தது. "சனிக்கிழமை நான் லீவு, வீட்டுக் காரியம். வெள்ளிக்கிழமைக்குள்ள கடைசி அத்தியாயம் வரணும்."

அனில்குமார் ஆபீசைப் பூட்டிவிட்டு முழுமூச்சாக எழுதினார். எமனைக் காணாமல் கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். முற்றத்தில் நின்று அவர்களை விரட்டியதில் இருந்த கொஞ்சநஞ்சக் கொடூரமும் தீர்ந்தது. கடைசி அத்தியாயத்தில் வஜ்ரசேனன் தங்கை கல்யாணத்துக்காகப் போரைத் தள்ளி வைத்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டே வரியில் பதில் வந்தது. 'மன்னிக்கணும் சார். உங்களால ஒரு எறும்பைக்கூட நசுக்க முடியாது.'

அனில்குமார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். ஸ்ரீகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை காலை ஆபீசைத் திறந்தபோது உலகத்தின் மேலேயே அவருக்குக் கோபம் இருந்தது. உதியன்குளங்கரையிலிருந்து ஒரு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அண்ணன் சத்தியராஜ்தான் பேசினார்.

"ரோட்டோரத்து மனைக்காக்கும் சாரே தகராறு. பின்னால உள்ள மனை ஒருத்தருக்கும் வேண்டாம். எமன் சார் சொன்னா ரண்டு பேரும் கேக்கோம். தம்பிக்கு வெளியூரில ஜோலி."

தம்பி வாசலில் இருந்த பெயர்ப்பலகையை ஒருதரம் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். ரொம்ப நாள் பழக்கம் உள்ள ஆளைப் பார்த்ததுபோல அனில்குமாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். தீர்ப்பு தன் பக்கம்தான் என்று எழுதி வாங்கிவிட்ட சிரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரோட்டோரம் மூத்தவனுக்கு!" மேசை அதிர்ந்தது. "இளையவனுக்குப் பின்பக்கம். நாலடி வழி. கார் போகாது, சைக்கிள் போகும். கிணற்றில் பங்கில்லை. அந்தப் பல்லை மூடு!"

தம்பியின் சிரிப்பு சட்டென்று அணைந்தது. "சாரே, கொஞ்சம் இரக்கம்..." என்று ஆரம்பித்தான்.

"இரக்கமா? நாலெல்லையும் சொல்லியாச்சு. கையெழுத்துப் போடு!"

தம்பி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அனில்குமார் நெற்றியைச் சுருக்குவதற்குள் அவன் கும்பிட்டான்.

"சாரே, நான் ஆதித்யன்... இந்த மூஞ்சியைச் சக்கரவர்த்திக்கு வைக்கச் சொல்லித்தானே தொண்டை வறளக் கெஞ்சினேன், எனக்கா காட்டச் சொன்னேன்?"