மாடி அறையும் முங்கு சைக்கிளும்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஜெயபாண்டி முடிவெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முடிவுகள் ஏராளம். எல்லாமே உறுதியான முடிவுகள்தான். காலையில் எடுப்பார். காபி ஆறுவதற்குள் முனீஸ்வரி அதைக் கலைத்துவிடுவாள். ஆனால் இது மாடி அறை சமாச்சாரம். இதில் மட்டும் அவர் மலை மாதிரி நிற்கப் போவதாகத் தீர்மானித்து, முதல் வேலையாகக் காபியை வேண்டாம் என்று சொன்னார்.

ஜெயபாண்டி காளவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். புகைந்துபோன மோட்டாரைப் பிழைக்க வைப்பதில் கெட்டிக்காரர். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பழைய மெஷின் எங்கே கிடந்தாலும் அதை வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுவார். மாடி அறை முழுக்க அந்தச் சாமான்கள்தான். படம் காட்டாத சினிமாக் கொட்டகை மெஷின். ஐஸ் சீவாத ஐஸ் மெஷின். பல் டாக்டர் நாற்காலியில் பாதி. மீதிப் பாதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

முனீஸ்வரிக்கு அந்த அறை வேண்டும். தையல் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. தெருப் பெண்கள் நாலைந்து பேர் எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெயபாண்டி பழைய இரும்புக் கடையிலிருந்து அந்த வினோதத்தைக் கொண்டுவந்து இறக்கினார். ஆள் நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாய். முன்னால் இரண்டு கைப்பிடி. பின்னால் சைக்கிள் பெடல். வால் பக்கம் ஒரு காத்தாடி.

"என்னங்க இது?"

"முங்கு சைக்கிள்! தண்ணிக்கு அடியில ஓட்டுறது. எங்க தாத்தா காலத்துல வெள்ளைக்காரன் செஞ்சது. வயித்துக்கடியில இதக் குடுத்துக் குப்புறப் படுத்து மிதிச்சா, மீனு கணக்கா போகும். கரண்டு வேணாம், டீசல் வேணாம். காலு மட்டும் போதும்."

"ஓடுமா?"

"ஓடுமாவா? பறக்கும்!"

"மேல கெடக்குற அம்புட்டையும் இப்படித்தான் சொன்னீக."

"அதெல்லாம் வேற. இது வேற."

முனீஸ்வரி கொஞ்ச நேரம் அந்தக் காத்தாடியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சரி. எங்க அப்பா தோட்டத்துக் கெணத்துல இந்தச் செவுத்துல முங்கி, தலையத் தூக்காம அந்தச் செவுத்துல போயி எந்திரிங்க. எந்திரிச்சிட்டா மாடி ரூமு காலத்துக்கும் உங்களுக்கு. நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா எனக்கு."

"வாயே தொறக்க மாட்டியா?"

"தொறக்க மாட்டேன்."

அறையை விட அந்த இரண்டாவது பரிசுதான் ஜெயபாண்டியை மயக்கியது. உடனே ஒத்துக்கொண்டார்.

கருமாத்தூர் பக்கம் மாமனார் தோட்டம். கோடை மழை நன்றாகப் பெய்து கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முனீஸ்வரியின் தம்பி காளை, மாமியார் அன்னக்கொடி, பக்கத்துக் காட்டுக்காரர்கள் என்று கிணற்றைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ஜெயபாண்டி அரை டிராயரோடு படியில் இறங்கினார். குழாயை வயிற்றுக்கடியில் கொடுத்தார். மூச்சை இழுத்தார். முங்கினார். மிதித்தார்.

எதிர்ச் சுவருக்குப் போகவேண்டியவர் பின்பக்கமாகவே போய்ப் படியில் உட்காரும் இடத்தை இடித்துக்கொண்டு எழுந்தார்.

"மச்சான், ரிவர்ஸ்ல போறீக!" என்று மேலேயிருந்து கத்தினான் காளை.

"தெரியும்டா மாப்ள! சும்மா டெஸ்ட்டு பாத்தேன்."

பாலிஷ் போடக் கழற்றிய காத்தாடியைத் திருப்பி மாட்டியிருந்தார். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துப் பழகிய கை. இதில் மாற்றிக் கொடுக்க வயரே இல்லாததால் கொஞ்சம் திகைத்துவிட்டார். முனீஸ்வரிதான் படியிறங்கி வந்து, ஸ்பேனரை நீட்டி, "காத்தாடியத் திருப்பிப் போடுங்க" என்றாள். போட்டியில் எதிராளிக்கே ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறாளே, என்ன அப்பாவிப் பெண் என்று ஜெயபாண்டிக்குப் பாவமாகக்கூட இருந்தது.

இரண்டாவது முறை சைக்கிள் சொன்னபடி கேட்டது. பச்சைத் தண்ணீருக்குள் அவர் போனார். நிஜமாகவே போனார். காதில் குமிழி சத்தம், காலடியில் காத்தாடி சத்தம். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கண்டதில்லை. எதிர்ச் சுவர் மண்டையில் இடித்தபோதுதான் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது.

கூட்டம் கைதட்டியது. அன்னக்கொடி குலவை போட்டாள். முனீஸ்வரி செல்போனில் வீடியோ எடுத்தபடி, "அப்படியே அடியில கெடக்குற அம்மாவோட தூக்குச்சட்டிய எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்றாள். ஜெயித்த மனுஷனுக்குத் தூக்குச்சட்டி ஒரு பொருட்டா? ஒரே முங்கில் எடுத்து, கோப்பை வாங்கியவர் மாதிரி தூக்கிக் காட்டினார். அன்று ராத்திரிக்குள் அந்த வீடியோ சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப் குரூப் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. 'கெணத்துல எது விழுந்தாலும் எங்க வீட்டுக்காரர் எடுத்துத் தருவார்' என்று அதன் கீழே முனீஸ்வரி பெருமையாக எழுதியிருந்தாள்.

அடுத்த வாரம் வீட்டு வாசலில் முனீஸ்வரியின் பெரியப்பா விருமாண்டி வந்து நின்றார். தலையில் ஒரு பெரிய அண்டா.

"வாங்க மாமா. என்ன அண்டாவோட?" என்றார் ஜெயபாண்டி.

"மோட்டார் கழட்டுற பைப் ரெஞ்சு கெணத்துல விழுந்துருச்சு மாப்ள. கூட்டிட்டுப் போக வந்தேன்."

"அதுக்கு அண்டா எதுக்கு?"

பெரியப்பாவுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. முனீஸ்வரிதான் விளக்கினாள்.

"கெணத்துல கொடம் விழுந்தா, கொக்கி போட்டு எடுக்க, பாதாளக் கரண்டி இருக்குற வீட்டுல போயி எரவல் கேப்பாகல்ல? வெறுங்கையோட கேக்கக் கூடாதுங்க. ஒரு பாத்திரத்த வச்சுட்டுத்தான் கரண்டிய எடுத்துட்டுப் போவணும். கரண்டியத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டுப் பாத்திரத்த வாங்கிக்கிருவாக. அதான் வழக்கம்."

"அப்ப நான் கரண்டியா?"

"கரண்டி மாதிரி."

"முடியாதுன்னு சொல்லிரு."

"ஐயய்யோ! பாதாளக் கரண்டி கேட்டு வந்தவுகள இல்லைன்னு திருப்பி அனுப்பலாமா? எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரையும் அனுப்புனதில்ல." பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "அண்டாவ மாடி ரூமுல வச்சுருங்க பெரியப்பா. கரண்டி இந்தா கெளம்பிரும்" என்றாள்.

கரண்டி கிளம்பியது.

அதோடு முடியவில்லை. ஒரு கிணற்றில் புல்லட் சாவி. ஒரு கிணற்றில் புதுமாப்பிள்ளையின் செல்போன். பேரையூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் கோயில் மணி. அதைத் தூக்கும்போது சைக்கிளும் மணியும் அவரும் சேர்ந்து அடிக்குப் போய், மணியடித்துத்தான் ஆள் இருக்கிற இடம் தெரிந்தது. சாவிக்காரர் ஒரு குத்துப்போணி வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு தவலை. மணிக்காரர்கள் கோயில் அன்னதானக் கொப்பரையையே கொண்டுவந்து இறக்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல். இரவல் வாங்கிய கரண்டியை, வாங்கியவர்தான் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஜெயபாண்டியோ வேலை முடிந்ததும் தன் பைக்கில் தானே வீட்டுக்கு வந்துவிடுவார். கரண்டியை யாரும் ஒப்படைக்காததால் பாத்திரத்தை எடுக்கவும் யாரும் வரவில்லை. நாளாக நாளாக மாடி அறையில் பல் டாக்டர் நாற்காலியை எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. ஜெயித்து வாங்கிய அறைக்குள் அவரால் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது.

"இதையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லேன் முனீஸு."

முனீஸ்வரி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். மாடி அறையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாளே.

ஆடி மாதம் முழுக்க அவருக்கு ஜலதோஷம். காதுக்குள் தண்ணீர் புகுந்து, யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. கடையில் மோட்டார்கள் காயில் கட்டாமல் வரிசையாகக் காத்துக் கிடந்தன. எல்லாம் மனைவி வழிச் சொந்தம் என்பதால் முகத்தை முறிக்கவும் முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் முனீஸ்வரி செல்போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, மேலூர்ல இருந்து பேசுனாக. கல்லு குவாரிக் குழியில பொக்லைன் சாவி விழுந்துருச்சாம். நாளைக்கு நீங்க வருவீகன்னு சொல்லிட்டேன்."

ஜெயபாண்டியின் கையிலிருந்த சோற்றுருண்டை இலையில் விழுந்தது.

"குவாரிக் குழியா? அதுக்கு அடியே கெடையாதுன்னு சொல்வாகளே!"

"அடியே இல்லேன்னா சாவி எங்க போயி நிக்கும்? இருக்கும்ங்க."

"ஏ புள்ள, என்னக் கொல்லப் பாக்குறியா? நான் போகமாட்டேன்."

"ஊருக்குள்ள சிரிப்பாகளே. கரண்டி பயந்துருச்சும்பாக."

"சிரிச்சுட்டுப் போறாக. எனக்கு இந்தக் காத்தாடியப் பாத்தாலே காது வலிக்குது. எப்படியாச்சும் இத நிறுத்து."

அவருக்கு நிஜமாகவே பயம். முனீஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"நிறுத்த ஒரே வழிதாங்க. மெஷினு வித்துப்போச்சுன்னு குரூப்புல போட்டுர்றேன். மெஷினு இருந்தாத்தான் நீங்க கரண்டி. இல்லேன்னா நீங்க வெறும் மனுசந்தான்."

"போடு. இப்பவே போடு. நாளைக்கே இரும்புக் கடையில தள்ளிர்றேன்."

"அது மட்டும் போனாப் பத்தாதே. மத்த மெஷினெல்லாம் ரூமுல கெடக்கே. அதுலயும் ஏதாச்சும் முங்குறது இருக்கும்னு திரும்பவும் அண்டாவத் தூக்கிட்டு வருவாக."

ஜெயபாண்டி யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் பட்டது. அன்றைக்கு அவருக்கு அவள் சொன்னதெல்லாமே சரியாகத்தான் பட்டது.

"எல்லாமே போகட்டும். ரூமையும் நீயே வச்சுக்க. தையலோ கியலோ நடத்திக்க."

"வேணாங்க. நீங்க ஜெயிச்ச ரூமு."

"வச்சுக்கன்னு சொல்றேன்ல!" இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடுவதில் அவருக்கு ஒரு சின்னத் திருப்திகூட வந்தது.

"நீங்க இம்புட்டு வற்புறுத்துறதால" என்று முனீஸ்வரி ஒத்துக்கொண்டாள். குரூப்பில் செய்தி போன மறுநாளே சொந்தக்காரர்கள் வந்து அவரவர் பாத்திரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு செய்தியில் முடிகிற காரியமா இது என்று ஜெயபாண்டிக்கு லேசாகத் தோன்றியது. காது அடைப்பில் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. சினிமா மெஷின், ஐஸ் மெஷின், பாதி நாற்காலி, முங்கு சைக்கிள் எல்லாவற்றையும் ஜெயபாண்டியே முதுகில் சுமந்து இறக்கி, இரும்புக் கடை வண்டியில் ஏற்றினார். வண்டி தெருமுனை திரும்பவில்லை. அதற்குள் இன்னொரு வண்டி வந்து வாசலில் நின்றது. புத்தம்புதுத் தையல் மெஷின்கள். கூடவே 'முனீஸ்வரி தையல் பயிற்சி நிலையம்' என்று பெயிண்ட் காய்ந்த போர்டு ஒன்று.

தையல் மெஷின் கடைக்காரர் செல்வக்குமார் இறங்கி வந்து வணக்கம் வைத்தார்.

"போன வாரந்தானே ரூமு குடுத்தேன். அதுக்குள்ள எப்படித் தம்பி?" என்றார் ஜெயபாண்டி.

"போன வாரமா? நீங்க கெணத்துல முங்கி ஜெயிச்சீகளாம்லண்ணே, அதுக்கு மறுநாளே அக்கா ஆர்டர் குடுத்துட்டாங்க."

"மறுநாளா? மாடியில அம்புட்டுச் சாமான் கெடந்துச்சே, அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்கண்ணே. ஆவணிக்குள்ள அத எங்க வீட்டுக்காரரே சொமந்து எறக்கிருவாரு, கூலியாள் வேணாம்னு."