வெள்ளைப் பூ சிதம்பரம், சிவப்புப் பூ கடலூர்

ஒரு தகப்பன் தன் வாழ்நாளில் ஒரு முடிவாவது தானாக எடுக்க வேண்டும் என்று 2011ஆம் வருடம் மே மாதம் முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்வதற்கே எனக்கு நான்கு நாள் ஆனது.

என் ஒரே மகள் வெண்மதி பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டாள். அவளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? இதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் நான். என் பெயர் சின்னையன். படிப்பு எட்டாவது. திருப்பாதிரிப்புலியூரில் லாரி எடை மேடையில் வேலை. காடாம்புலியூர் பக்கமிருந்து பலாப்பழ லாரி வந்தால் பாரத்தோடு ஒரு எடை, இறக்கிய பிறகு ஒரு எடை. இரண்டையும் கழித்தால் உண்மை வந்துவிடும். நான் கூச்சக்காரன், யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். லாரிகள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

என் மனைவி பொன்னிக்கு எடை மேடையே தேவையில்லை. வாசற்படி ஏறும்போதே ஆளை எடை போட்டுவிடுவாள்.

வெண்மதிக்கு மற்றப் பெண்களைப் போல கம்ப்யூட்டர் மேல் ஆசை வரவில்லை. நர்ஸிங் மேலும் வரவில்லை. அவளுக்கு ஆசை வந்தது இரண்டின் மேல். ஒன்று சமயம். இன்னொன்று பாடம் நடத்துவது. தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தேவாரம் சொல்லித் தருவாள். பக்கத்து வீட்டு சார்லஸிடம் பைபிள் வாங்கி வந்து படிப்பாள். "எல்லா சாமியும் ஒண்ணுன்னா ஏன்க்கா தனித்தனியா லீவு விடுறாங்க?" என்று ஒரு வாண்டு கேட்டபோது, பதில் தெரியாமல் ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சாமி கும்புடறது மட்டும் இல்லப்பா. ஏன் கும்புடறோம்னு படிக்கணும். படிச்சத புள்ளைங்களுக்கு சொல்லித் தரணும்" என்றாள் என்னிடம்.

"அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குதா?" என்றாள் பொன்னி.

"இருக்குதும்மா. சமயம்."

"அது உனக்கு எதுக்குடி? சமயம் பாத்துப் பேசறதுதான் உனக்கு நல்லாத் தெரியுமே."

பெண்ணுக்கு வரன் பார்த்தால் பொருத்தம் பார்க்கிறோம். மூன்று வருடம் இருக்கப்போகிற கல்லூரிக்குப் பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சார்லஸும் உட்கார்ந்தோம். சார்லஸ் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள எல்லாக் கல்லூரிக்கும் வாசல் வரை போனவர். உள்ளே போனதில்லை.

"பாண்டிச்சேரியில ஒண்ணு இருக்குது சின்னையன். பஸ்ஸு ஜாஸ்தி" என்றார்.

"பஸ்ஸ விட்டு எறங்குனதும் கடையும் ஜாஸ்தி" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இவுரு கொண்டுபோய் விட்டுட்டு வரும்போது எந்தக் கடையில விழுந்து கெடப்பாருன்னு நான் தேடணுமா?"

நான் குடிப்பதில்லை. ஆனாலும் பாண்டிச்சேரி ஜாதகம் மூடப்பட்டது.

"கம்மாபுரம் பக்கம் ஒண்ணு புதுசாத் தொறந்திருக்கான்."

"அங்க என்ன சொல்லித் தர்றாங்க?"

"எல்லாம் மெசினு."

"மெசினுக்கு சமயம் வேணாம், ஆயில் போதும்" என்றேன். சார்லஸ் சிரித்தார். அடுப்படி சிரிக்கவில்லை.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று கடலூரிலேயே இருக்கிற பெண்கள் கல்லூரி. நடந்தே போகலாம். ஆனால் அங்கே சமயம் தனியாக இல்லை, வரலாற்றுக்குள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று சிதம்பரம். அங்கே சமயமும் தத்துவமும் முழுதாக உண்டு, முடித்தபின் ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே படித்துவிடலாம். வெண்மதியின் கண் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரிந்தது. அவளும் என்னைப் போல, வாய் திறந்து கேட்க மாட்டாள்.

எனக்கும் சிதம்பரம்தான் வேண்டியிருந்தது. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மகள் சிதம்பரத்தில் விடுதியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தகப்பன் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் தடுக்க முடியாது. பாசெஞ்சர் ரயிலில் ஏறுவேன். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். கீழே தண்ணீர் எங்கே போகிறோம் என்ற அவசரமில்லாமல் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். கிள்ளையில் யாரோ ஒரு கூடை மீனோடு ஏறுவார்கள். சிதம்பரத்தில் இறங்கி இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். மகளோடு ஒரு மணி நேரம். அப்புறம் கோவிலுக்குள் சிவகங்கைக் குளத்தின் படிக்கட்டில் மண்டப நிழலாகப் பார்த்து, துண்டை விரித்து, கோபுரம் தண்ணீரில் தலைகீழாக ஆடுவதைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பேன். "மாமா, தண்ணி வருது, கொடத்த எடுங்க" என்று யாரும் எழுப்ப மாட்டார்கள். காற்று வரும். மணி அடிக்கும். எழுந்து பார்த்தால் சாயங்காலம்.

இருபது வருடமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை. அன்றுதான் ஒட்டடை அடிப்பேன்.

இந்தக் கனவு எடை மேடையில் வந்தால் லாரியின் எண்ணைக்கூட இரண்டு முறை கேட்க வேண்டியதாகிவிடும்.

"சிதம்பரம்" என்றேன் அன்று ராத்திரி சாப்பிடும்போது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கடலூரு" என்றாள் பொன்னி.

"அங்கதான் சமயம் முழுசா இருக்குது."

"இங்க நான் முழுசா இருக்கேன். பொட்டப்புள்ளய கண்ணுக்குத் தெரியாத ஊருல விட்டுட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"சிதம்பரம் நீ பொறந்த ஊருடி!"

"அதனாலதான் சொல்றேன். எனக்கு அந்த ஊரப் பத்தித் தெரியாதா?"

"புள்ள ஆசப்படுது."

"புள்ளயா, நீங்களா?"

எனக்கு ரசம் புரையேறியது. தலையில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். இப்படியே ஒரு வாரம் போனது. நான் சிதம்பரம் என்றால் அவள் கடலூர். நான் ஒரு படி இறங்கினால் அவள் இரண்டு படி ஏறினாள். விண்ணப்பம் கொடுக்கும் கடைசித் தேதி நெருங்கியது. வெண்மதி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் என் மூளையில் அது உதித்தது. அதற்கு முன் அங்கே அவ்வளவு பெரிதாக எதுவும் உதித்ததில்லை.

"பொன்னி, நீயும் நானும் எதுக்கு சண்ட போடணும்? பாடலீஸ்வரர் கிட்ட பூ கட்டிப் போட்டுப் பாத்துடலாம். வெள்ளப் பூ வந்தா சிதம்பரம். செவப்புப் பூ வந்தா கடலூரு. சாமி சொன்னா சரிதானே?"

நான் பெரிய எதிர்ப்பை எதிர்பார்த்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாமா. நீங்களே கட்டி எடுத்துவாங்க."

நீங்களே கட்டி எடுத்துவாங்க! இந்த மூன்று சொல்லில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். வாழையிலைத் துண்டு, வாழைநார். வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்குச் செம்பருத்தி என்று வீட்டில் காட்டிவிட்டு, செம்பருத்தியைச் செடி மறைவில் போட்டேன். இரண்டு பொட்டலத்திலும் மல்லிகை. எதை எடுத்தாலும் சிதம்பரம். தொழில்காரன் இல்லையா, உள்ளங்கையில் ஒன்றொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு பூ கூட, ஒரு பூ குறைய இல்லை. முடிச்சுகூட ஒரே பக்கம்.

கோவிலில் அதிகக் கூட்டமில்லை. குருக்கள் பொட்டலங்களை வாங்கிச் சந்நிதிப் படியில் போட்டார். தீபாராதனை ஆனது. பொன்னி கண்ணை மூடி அப்படியொரு பக்தியோடு நின்றாள். எனக்கே கொஞ்சம் உறுத்தியது. 'ஈஸ்வரா, உன் வேலையை நான் கொஞ்சம் சுலபமாக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்' என்று வேண்டிக்கொண்டேன்.

வெண்மதி குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

"சிதம்பரம்!" என்றேன். சந்நிதி என்பதையும் மறந்து கொஞ்சம் உரக்க. வெண்மதியின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அந்த முகத்துக்காக நான் இன்னும் நாலு பொட்டலம் கட்டியிருப்பேன்.

"சாமி சொன்னா சரிதான்" என்றாள் பொன்னி.

மற்ற பொட்டலத்தை நான் வேகமாக எடுத்து மடியில் செருகினேன்.

"அத வெளிய பிரிச்சுடாதீங்க மாமா" என்றாள் மெதுவாக. "சாமிக்கே வெக்கமாயிடும்."

"எ... எத?"

"செம்பருத்திக்கு எந்த ஊருல வாசன உண்டு? பொட்டலம் ரெண்டும் கமகமன்னு மணக்குது."

எடையைப் பார்த்தேன். முடிச்சைப் பார்த்தேன். மூக்கைப் பார்க்க மறந்துவிட்டேன். வெண்மதி தூணைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"எனக்கும் சிதம்பரந்தானே வேணும்" என்றாள் பொன்னி.

வெளிப்பிராகாரத்தில் வைத்து எல்லாம் வெளியே வந்தது. சிதம்பரத்தில் அவள் அக்கா மலர்க்கொடி வீட்டு மாடி காலியாக இருந்தது. வெண்மதிக்கு விடுதி கிடையாது. பொன்னியும் கூடப் போய் முதல் வருடம் அங்கே தங்குகிறாள். அக்கா தங்கை பேசி முடித்து ஒரு மாதம் ஆகிறதாம்.

"அப்பறம் எதுக்குடி ஒரு வாரமா கடலூரு கடலூருன்னு கத்துன?"

"நான் சிதம்பரம்னு சொல்லியிருந்தா நீங்க என்னா சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். முடிவு என்னுடையதாக இருக்க வேண்டுமே என்று, கடலூர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"இருவது வருசமா உங்களுக்கு ஒரே அளவு உப்பு போட்டுப் போட்டு என் நாக்கே செத்துப்போச்சு மாமா. ஒரு வருசம் எங்கக்கா கையால சாப்புடறேன்."

"எனக்கு சோறு?"

"எங்கம்மா வர்றாங்க."

ஒரு நிமிடம் கோபுரம் ஆடியது. இந்தத் தடவை தண்ணீரில் இல்லை. என் மாமியார் ரத்தினம்மாளுக்கு எழுபது வயது. வெள்ளிக்கிழமை விரதம், பிரதோஷ விரதம், கிருத்திகை விரதம். விரதம் இல்லாத நாளில் வெங்காயம் இல்லாத குழம்பு.

"ஞாயித்துக்கெழம நீங்க வந்து எங்களப் பாத்துட்டுப் போங்க" என்றாள் பொன்னி. குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

அந்த வார்த்தையில் எனக்குப் போன உயிர் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை! அது மட்டும் மிஞ்சியது. மற்ற ஆறு நாளை மாமியாருக்கும் விரதத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஜூன் மாதம் வெண்மதி சேர்ந்தாள். முதல் வாரமே போன் செய்து, "அப்பா, இங்க ஒரு வாத்தியார் கேள்வி மட்டுந்தான் கேக்குறாரு, பதிலே சொல்ல மாட்டேங்குறாரு. ரொம்ப நல்லா இருக்குதுப்பா" என்றாள். பொருத்தம் சரியாகத்தான் பார்த்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, மாமியார் வழக்கமாகப் பூஜையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். ரயில் நிலையம் வரை காற்றில் நடந்த மாதிரி இருந்தது. வெள்ளாறு இப்போதே கண்ணில் ஓடியது.

பிளாட்பாரத்தில் புளி மூட்டை ஒன்று, அரிசிப் பை ஒன்று, முறுக்கு டின் ஒன்று. நடுவில் ரத்தினம்மாள்.

"வாங்க மாப்ளே. உங்களுக்கு முன்னாடியே ஆட்டோ புடிச்சு வந்துட்டேன். இத மூணையும் ஏத்துங்க."

"நீங்க எதுக்கு அத்த செரமப்பட்டுக்கிட்டு..."

"பொன்னி கண்டிசனா சொல்லியிருக்கா. கொளத்துப் படிக்கட்டுல துண்ட விரிச்சுப் படுப்பாராம் மாப்ள, தூங்க வுடாதன்னு."

குளத்துப் படிக்கட்டைப் பற்றி, விழித்திருக்கும்போது நான் யாரிடமும் சொன்னதே இல்லை.