டூர் போகிறவருக்கு ஏற்ற லேப்டாப்

ஒரு பொய்யைக் காப்பாற்ற லேப்டாப் வாங்குவது என்று வீரபாகு முடிவு செய்தார்.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் அவர் டூர் ஆள். ஆந்திரா, கர்நாடகா என்று அவர் கால் படாத கோழிப்பண்ணை கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி, "வயசாச்சு, இனி அலையாதீங்க" என்று ஆபீசில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரவைத்துவிட்டார். அதை மனைவி மஞ்சுளாவிடம் சொல்ல வீரபாகுவுக்கு வாய் வரவில்லை. அவளோ சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் நெய்யும் சேலைகளை எடுத்துப் போனிலேயே நாலு ஊருக்கு விற்பவள். வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்தது. இவர் மட்டும் சுருங்கிப்போனதாக எப்படிச் சொல்வது?

"இப்பெல்லாம் பக்கத்துலதான் டூரு. மேட்டூரு, பரமத்தி வேலூரு. பொழுதோட வந்துருவேன்" என்றார். தினமும் டூர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மட்டம் போடும் பையன்கள் பள்ளிக்கூடம் போவதாகப் பொய் சொல்வார்கள். வீரபாகு ஒழுங்காக ஆபீஸ் போய்க்கொண்டே, ஊர் சுற்றுவதாகப் பொய் சொன்னார்.

ஒருநாள் மஞ்சுளா கேட்டாள்.

"ஏனுங்க, மேட்டூரு போயிட்டு வந்த சட்டையில ஒரு கசங்கல்கூடக் காணமே?"

அன்றே தீர்மானித்தார். டூர் போகாதவன் எவனாவது லேசான லேப்டாப் வாங்குவானா?

சேலத்துக் கடைக்கு அவளும் கூடவே வந்தாள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அம்மிக்கல் கனம். இன்னொன்று மெல்லிசு, தொடுதிரை.

"அப்பளமாட்ட இருக்குதுங்க. உடையாதுங்களா?" என்றாள் மஞ்சுளா.

"அலையறவனுக்கு இதுதான் புள்ள தோது. என்ற தோள்பட்டைய நெனச்சுப் பாரு."

"பென்டிரைவ் சொருக ஓட்டையே இல்லீங்களே?"

"அதுக்குத் தனியா ஒரு வாலு இருக்குது. மாட்டிக்கலாம்."

"அப்ப வாலையும் சேத்துத் தூக்கோணும்."

"தொடுதிரைல பேட்டரியும் கொஞ்சம் சீக்கிரம் எறங்கும்மா" என்றார் கடைக்காரர். "கனமானதுல அந்தத் தொந்தரவெல்லாம் இல்ல. வெலையும் கம்மி."

வீரபாகு பதறினார். "அது ஒரே எடத்துல உக்காந்து பெஞ்சு தேய்க்கறவனுக்குங்க! நான் பஸ்ஸுல மடியில வெக்கோணும். பண்ணையில நின்னுக்கிட்டே வெரல்ல தொட்டுக் காட்டோணும்."

"வெயில்ல தெரியுமுங்களா?" என்றாள் மஞ்சுளா.

வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சு தேய்க்கிற ஒருவரின் முகம் மட்டும் தெரிந்தது.

"தெரியுது, தெரியுது" என்றார்.

"இத்தன சொல்றீங்க. வாங்கிருங்க."

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டாளே! இப்படி நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று பஸ்ஸில் வழி நெடுகக் குமைந்தார். வீடு போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தார். தூங்கிப்போனார்.

காலையில் மஞ்சுளா பட்டுச்சேலையில் நின்றாள். லேப்டாப் அவள் தோள்பையில் இருந்தது.

"பெங்களூர்ல சேலைக் கண்காட்சிங்க. நாலு நாளு ஆகும். இத நான் எடுத்துக்கறேன். பஸ்ஸுல மடியில வெச்சுக்கலாம். நின்னுக்கிட்டே வெரல்ல தொட்டு டிசைன் காட்டலாம். அல்லாம் நீங்க சொன்னதுதானுங்க."

"அப்ப என்ற டூரு?"

அவள் ஒரு சாப்பாட்டுப் பையை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க ஆபீஸ் ரஞ்சிதா எங்கிட்டத்தான் சேலை எடுக்கறா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வீரபாகு செருப்பைப் பார்த்தார். தேயாத செருப்பு.

"ரெண்டு மாசமா நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். செரி, நேரமாச்சு" என்று படியிறங்கியவள் திரும்பினாள். "உங்க மேசைக்குப் பக்கத்துலயே பிரிண்டர் இருக்குதாமா. மோரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க. அந்தச் சூட்டுல புளிச்சுரும்."