சுவீடன் பல்

"தெரியாது" என்ற சொல்லைப் பல் டாக்டர் வெங்கிட்டு இருபத்தாறு வருஷமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் எவரிடமும் சொன்னதில்லை. சாகும்வரை சொல்வதில்லை என்று வைராக்கியம். அதிலும் மனைவி அனந்தலக்ஷ்மியிடம். எண்பத்தாறாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, கப்பல்காரர் நஜ்முதீன் வந்து வாயைத் திறந்தார். வைராக்கியம் ஆட்டம் கண்டது.

சுவீடனில் ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் அவருடைய தாடையெலும்பில் ஒரு திருகை இறக்கி, அதன்மேல் பல்லைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். இப்போது பல் ஆடுகிறது.

"சின்னதா ஒரு முறுக்குப் போதும் டாக்டர் சாரே. ரெண்டு மாசத்திலே மகளுக்கு நிக்காஹ். பந்தலிலே பல்லு விழுந்தா என்ன செய்ய?"

வெங்கிட்டு பார்த்தார். பல்லின் நடுவே ஊசித்துளை. அதற்குள் ஆறு மூலைக் குழி. அவரிடம் இருந்ததெல்லாம் பிடுங்குகிற குறடுகள். கிராம்புத் தைலம் தடவி, உள்ளே வீக்கம், வடியட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பக்கத்தில் விளக்குப் பிடித்திருந்த அனந்தலக்ஷ்மி, மத்தியானம் ரசம் ஊற்றும்போது கேட்டாள். "ஏன்னா, வீக்கமே காணோமே?"

"உள்வீக்கம். வெளியிலே தெரியாது."

"யாருக்குத் தெரியாது?"

அவர் ரசத்தைக் குடித்தார். படுத்தால் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தேனா, இல்லை, பிடுங்கியே பிழைத்தேனா?

மறுநாள் பிளாஸ்டர் வாங்கப் போவதாகச் சொல்லி எறணாகுளத்துக்குப் படகேறினார். மூன்று பல் டாக்டர்களிடம், யாருக்கோ வந்த கேஸ் என்று விசாரித்தார். முதலாமவர் தொடாதே என்றார். இரண்டாமவர் பிடுங்கிவிடு என்றார். மூன்றாமவர் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் அப்படி ஒண்ணு வந்திருக்கு, வெங்கிட்டு. நீ என்ன சொல்லி அனுப்பறே?" என்றார். உள்வீக்கத்தை அவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

நாலு வாரத்தில் தைலம் தீர்ந்தது. ஐந்தாம் திங்கட்கிழமை, மானம் போகப்போகிறது என்று உட்கார்ந்திருந்தவர் முன்னால் அனந்தலக்ஷ்மி ஒரு சின்னப் பார்சலை வைத்தாள். உள்ளே விரல்நுனி அளவுக்கு ஓர் ஆறு மூலைச் சாவி. நஜ்முதீன் வந்த முதல் திங்கட்கிழமையே அவரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கி, சுவீடனுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள்.

நஜ்முதீன் வந்ததும் வெங்கிட்டு சாவியைப் போட்டு முறுக்கினார். இரண்டே நிமிஷம். பல் நின்றது. நஜ்முதீன் சிரித்துக்கொண்டே போனார்.

வெங்கிட்டு சாவியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "டாக்டருக்குத் தெரியலேன்னு எழுதினியா?"

"சேச்சே. உங்களைக் காட்டிக்கொடுப்பேனா? அப்படி ஒரு வார்த்தை எழுதலே."

நிம்மதியாக, கூட வந்த கடிதத்தைப் பிரித்தார். "அன்புள்ள டாக்டர் அனந்தலக்ஷ்மி," என்று தொடங்கியது, "சாவியை நீங்களே பயன்படுத்துங்கள், நீங்கள் குறிப்பிட்ட அந்த வயதான கம்பவுண்டரிடம் கொடுக்க வேண்டாம்."